அப்பா குறைத்து வைத்த சூடு

எங்கள் அப்பாவின் வீட்டுக்குக் குளிர்காலத்தில் ஒருமுறையாவது வந்துபோனவர்களுக்கு, வாசலில் அவர் சொன்ன முதல் வார்த்தை மறந்திருக்காது. வந்தவர் சப்பாத்தைக் கழற்றும் முன்பே, யார் எவர் என்று முகத்தைப் பார்க்கும் முன்பே, “கதவைச் சாத்துங்கோ” என்பார். அதற்குப் பிறகுதான் “வாங்கோ” வரும். சிலர் அதைப் பகிடியாக எடுத்தார்கள். சிலருக்கு மனம் நொந்திருக்கவும் கூடும். அப்படி நொந்தவர் யாராவது இதை வாசித்தால், உள்ளே வந்து இருந்த பிறகு அவர் உங்கள் கையில் தந்த தேநீரின் சூட்டையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள் என்று மகளாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பாவின் வாழ்க்கையை நான்தான் எழுத வேண்டும் என்று உறவினர்கள் சொன்னார்கள். ஒரே பிள்ளை என்பதால் மறுக்க முடியவில்லை. பலமுறை தொடங்கிப் பலமுறை அழித்தேன். வீட்டைச் சூடாக்கும் காஸின் பில்லைப் பற்றியும் அந்தச் சூட்டைப் பற்றியும் நினைவு மலரில் எழுதலாமா, வாசிப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று இப்போதும் யோசனையாகவே இருக்கிறது. அவற்றை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன். நல்ல மனிதர் ஒருவர் அந்தப் பக்கத்தில் இருந்தார். ஆனால் அவர் எங்கள் அப்பாவாக இல்லை.

அப்பா கொடிகாமத்தில் பிறந்தார். படித்துமுடித்ததும் கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்து, அம்மாவைக் கைப்பிடித்து, நான் பிறந்த சிறிது காலத்தில் நாட்டை விட்டு வெளியேறினார். ஏன் வெளியேறினார் என்பதை இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. பல நாடுகளைக் கடந்து ரொறன்ரோ வந்து சேர்ந்தார். எங்களைக் கூப்பிட அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அதுவரை அம்மாவும் நானும் கொழும்பில் ஓர் அறையில் இருந்தோம். அப்பா என்பவர் எனக்குத் தொலைபேசியில் வரும் ஒரு குரலாக மட்டுமே இருந்தார்.

நாங்கள் வந்து இறங்கியது ஒரு தை மாதம். விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஒருவர் வயிறு பெருத்து நின்றார். அம்மா அவரைக் காட்டி, அதுதான் அப்பா என்றார். தொலைபேசிக் குரலுக்கு நான் நினைத்து வைத்திருந்த உருவம் அதுவல்ல. நான் அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். அவர் கிட்ட வந்து, குனிந்து, தன் ஜக்கற்றின் சிப்பைத் திறந்தார். உள்ளே, வயிற்றோடு அணைத்தபடி, ஒரு சின்னச் சிவப்பு ஜக்கற் இருந்தது. அது குளிர்ந்து போகாமல் இருப்பதற்காக, தான் இருந்த மல்வேர்னிலிருந்து பஸ்ஸுக்கு மேல் பஸ் மாறி அப்படியே கொண்டு வந்திருக்கிறார். அதை எனக்குப் போட்டுவிட்டார். அதற்குள் இருந்த சூடு அவருடைய உடம்பின் சூடு. என் அப்பாவை நான் முதன்முதலாக அறிந்தது அப்படித்தான்.

முதலில் நாங்கள் மல்வேர்னில் ஒரு மாடிக் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தோம். அங்கே வாடகையிலேயே சூடும் அடக்கம். அடுப்புப் போல் கொதிக்கும் அந்த வீடுகளில் எல்லோரும் மாசி மாதத்தில் ஜன்னலைத் திறந்துவிட்டு இருப்பார்கள். அப்பா கீழே பஸ் தரிப்பிடத்தில் நின்று, வரிசை வரிசையாகத் திறந்து கிடக்கும் ஜன்னல்களை அண்ணாந்து பார்ப்பாராம். அம்மாதான் சொல்லுவார். “உங்கட அப்பாவுக்கு ஊரான்ர சூடு வீணாப் போனாலும் நெஞ்சு நோகும்” என்று.

அவருக்கு நோவதற்குக் காரணம் இருந்தது. அப்பா வேலை செய்தது உறைந்த உணவுப் பொருட்களை வைக்கும் களஞ்சியத்தில். வெளியே எவ்வளவு குளிரோ, உள்ளே அதைவிடக் குளிர். கோடையிலும் அவர் வின்ரர் உடுப்போடுதான் வேலைக்குப் போனார். இரண்டு சோடிக் கையுறை போட்டும் அவருடைய விரல் நுனிகள் வெளிறிப்போய் மரத்துக் கிடக்கும். வீட்டுக்கு வந்ததும் தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் வெகுநேரம் இருப்பார். குளிருக்குள் நின்று உழைத்து அந்தச் சம்பளத்தில் சூட்டை வாங்குகிறவருக்குத்தான் அதன் விலை தெரியும் என்று இப்போது நினைக்கிறேன். பள்ளிக்கூட வயதில் அப்படி நினைக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் வீட்டில் ரீசேட்டோடு இருக்கிறார்கள், நாங்கள் மட்டும் ஏன் ஸ்வெற்றரோடு சாப்பிடுகிறோம் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தேன்.

பிறகு அதே மல்வேர்னில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் சிறியதொரு ரவுண்ஹவுஸ் வாங்கினார். அங்கே சூடு இலவசமில்லை. ஒவ்வொரு வருடமும் கந்தசஷ்டி விரதம் முடிந்த வார இறுதியில் அப்பாவும் அம்மாவும் வீட்டைக் குளிருக்கு ஆயத்தம் செய்வார்கள். ஜன்னல் சட்டங்களைச் சுற்றி ரேப் ஒட்டி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்ரிக் தாளைப் பிடித்து, தலைமயிர் காயவைக்கும் ஹெயார் ட்ரையரால் சூடுகாட்டுவார். சுருங்கிச் சுருங்கித் தாள் மேளத் தோல்போல இறுகும். அப்பா விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். அந்த ஹெயார் ட்ரையரை எங்கள் வீட்டில் வேறெதற்கும் பாவித்ததாக எனக்கு நினைவில்லை. அம்மா தன்னுடைய பழைய சேலைகளை நீளமாகத் தைத்து, உள்ளே கிழிசல் துணிகளை அடைத்து, வாசல் கதவின் அடியில் வைப்பதற்கு ஒரு பாம்பு செய்தார். மண்ணிறப் பூப்போட்ட அந்தச் சேலைப் பாம்பை வந்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது மிதித்திருப்பார்கள்.

பகலில் தெற்குப் பக்கத் திரையை விலக்கி வெயிலை உள்ளே விடுவதும், பொழுதுபட முன் இழுத்து மூடுவதும் அப்பாவின் வேலை. உடுப்புத் தோய்ப்பது மின்சாரம் மலிவாகும் மாலை ஏழு மணிக்குப் பிறகுதான். இரவுச் சாப்பாடு பெரும்பாலும் புட்டு. ஆவி பறந்து குசினி சூடாகும் என்பதற்காகவே அம்மா புட்டு அவிக்கிறார் என்று அப்பா வந்தவர்களுக்குச் சொல்லுவார். “அப்ப கோடையில ஏன் புட்டுக் கேக்கிறியள்?” என்று அம்மா திருப்பிக் கேட்பார். இருவரும் சிரிப்பார்கள். அவர்கள் இருவரும் ஒன்றாகச் சிரித்த நினைவுகள் எனக்கு அதிகம் இல்லை. இருந்தவை எல்லாம் குசினியில்தான்.

இப்படிச் சேமித்ததில்தான் நான் படித்தேன். அப்பா அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

எனக்குத் திருமணமாகி நாங்கள் ரொறன்ரோவுக்குக் கிழக்கே விட்பியில் புதிதாகக் கட்டிய குடியிருப்பில் வீடு வாங்கினோம். குடிபுகுந்த அன்று அப்பா வரவேற்பறையில் நின்று அண்ணாந்து பார்த்தார். கூரை இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்து கிடந்தது. வீடு விற்றவர் அதைத்தான் பெரிய அழகாகக் காட்டியிருந்தார்.

“உந்த மேல்பக்கத்தில ஆர் பிள்ளை இருக்கிறது?” என்று கேட்டார்.

“ஒருத்தரும் இல்லை அப்பா. சும்மா, வெளிச்சத்துக்கு.”

“அப்ப இருக்கிற சூடெல்லாம் அங்க போய் ஒருத்தருக்கும் உதவாமல் இருக்கப்போகுது” என்றார்.

என் கணவர் சிரித்தார். முதல் வின்ரரின் பில் வந்தபோது சிரிக்கவில்லை.

அம்மா எங்களை விட்டுப் போன பிறகு அப்பா தனியானார். எங்களோடு வந்து இருக்கும்படி கேட்காத நாளில்லை. என் மகளும் தன் பங்குக்கு “அம்மப்பா, என்ர ரூமில படுக்கலாம்” என்று கேட்டாள். அப்பா ஒவ்வொரு முறையும் “பாப்பம் பிள்ளை” என்றார். அவருடைய “பாப்பம்” என்பது “இல்லை” என்பதன் மரியாதையான வடிவம். அம்மாவும் அவரும் படுத்த அறையின் சூட்டுக்காற்று வரும் துவாரத்தைத் தகட்டால் மூடி, கதவைச் சாத்திவிட்டு, கீழே குசினிக்குப் பக்கத்துச் சின்ன அறைக்கு அப்பா வந்துவிட்டார். ஆளில்லாத அறைக்கு எதற்குச் சூடு என்று கேட்டார். நான் அந்த அறைக்குள் போனபோது மூச்சு வெண்மையாகத் தெரிந்தது. அம்மாவின் அலுமாரி அந்தக் குளிருக்குள் நின்றது. சூட்டை மிச்சம்பிடிக்கத்தான் மூடினாரா, அந்த அறையைப் பார்க்க முடியாமல் மூடினாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காஸ் பில்லைத்தான் சொல்லியிருப்பார்.

போன வருட வின்ரரில் அவருக்கு நிமோனியா வந்தது. வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு விடும்போது, சுவாசப்பை பலவீனமாக இருக்கிறது, வீட்டுச் சூட்டை இருபத்தொரு பாகைக்குக் கீழே போக விடாதீர்கள் என்று டொக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். அப்பாவின் வீடு எப்போதும் பதினேழில் இருந்தது. அன்றிலிருந்து என் பயம் அந்த நான்கு பாகைகளுக்குள் அடங்கியது. நான் இயல்பாகவே பயந்த சுபாவம். பிள்ளை தும்மினாலும் இணையத்தில் தேடுகிறவள். அப்பா தனியே, குளிரில், மூச்சு முட்டிக் கிடக்கிறார் என்ற காட்சி எந்த வேலையின் நடுவிலும் எனக்கு வரத் தொடங்கியது.

என் கணவர்தான் வழி சொன்னார். சுவரில் இருந்து சூட்டைக் கட்டுப்படுத்தும் பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு, கைத்தொலைபேசியிலிருந்தே கூட்டிக் குறைக்கக்கூடிய புதிய பெட்டி ஒன்றைப் பூட்டினார். இனி விட்பியில் இருந்தபடியே மல்வேர்ன் வீட்டில் எத்தனை பாகை என்று நானும் அவரும் எங்கள் கைத்தொலைபேசிகளில் பார்க்கலாம். அப்பாவிடம் மறைக்கவில்லை. காஸ் பில்லையும் நாங்களே கட்டுகிறோம் என்று சொன்னேன். அவர் பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பில் ஆர் கட்டினாலும் காஸ் ஒண்டுதானே பிள்ளை” என்றார்.

எங்கள் போட்டி அப்படித் தொடங்கியது. அப்பா நேரத்தோடு படுத்துவிடுவார். அவர் படுத்த பிறகு நான் இருபத்தொன்றுக்குக் கூட்டுவேன். காலையில் எழுந்ததும் பார்த்தால், விடியலில் யாரோ கையால் பதினேழுக்குக் குறைத்திருப்பது திரையில் தெரியும். அந்த வீட்டில் யாரோ என்றால் ஒருவர்தான். மறுபடியும் நான் கூட்டுவேன். மறுபடியும் அவர் குறைப்பார். தொலைபேசியில் பேசும்போது இருவரும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. சாப்பிட்டாரா, மருந்து எடுத்தாரா, பிள்ளை பள்ளிக்கூடம் போனாளா என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒருமுறை மட்டும் பொறுக்காமல் கேட்டேன். “அப்பா, டொக்டர் அவ்வளவு சொல்லியும் ஏன் குறைக்கிறியள்?”

“குளிரேல்லைப் பிள்ளை. எனக்குக் குளிரெண்டால் என்னெண்டு தெரியும்” என்றார்.

அன்றிரவும் நான் கூட்டினேன்.

அவர் தொட முடியாதபடி பெட்டியை இலக்கம் போட்டுப் பூட்டலாம் என்று கணவர் சொன்னார். யோசித்தேன். அவர் குளிருக்குள் நின்று வாங்கிய வீடு. அதில் ஒரு பொத்தானை அழுத்த அவருக்கு அனுமதி இல்லை என்று செய்வதா? என்னால் முடியவில்லை. பூட்டாமல் விட்டது சரியா என்று அந்த வின்ரர் முழுவதும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த வின்ரரில் ஒரு மாற்றம் தெரிந்தது. அப்பா பதினேழுக்கு இறக்குவதில்லை. இருபத்தொன்றை இருபது ஆக்குவார். ஒரேயொரு பாகை. பகல் முழுவதும் அப்படியே விட்டுவிடுவார். எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. இவ்வளவு இறங்கி வந்தவருக்கு அந்த ஒரு பாகையை விட மனமில்லையே என்று கணவரிடம் சொன்னேன். “அது மாமான்ர மானம். விடும்” என்றார்.

ஒருநாள் மகளுக்குக் கடும் காய்ச்சல். அவளோடு இருந்ததில் அப்பாவின் வீட்டைக் கூட்ட மறந்துபோனேன். காலையில், எங்கள் வீட்டில் ஒருவரும் எழும்பாத நேரத்தில், அப்பா தொலைபேசியில் எடுத்தார்.

“பிள்ளை, அங்க ஒண்டும் பிரச்சினை இல்லையே?”

காய்ச்சலைச் சொன்னேன். கொத்தமல்லி அவித்துக் கொடுக்கச் சொன்னார். வழக்கமாக எனக்கு வேலை என்று அந்த நேரத்தில் எடுக்கவே மாட்டாரே, பேத்திக்குச் சுகமில்லை என்று எப்படி மனதில் பட்டதோ என்று வியந்துகொண்டு தொலைபேசியை வைத்தேன்.

அதன் பிறகு வந்த ஒரு மாசி மாதக் காலை. கண் விழித்ததும் வழக்கம்போல் பார்த்தேன். இருபத்தொன்றில் நின்றது. குறைக்கவில்லை. முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் இருபத்தொன்று. கணவரிடம் காட்டினேன்.

“கடைசியில நீர் வெண்டிட்டீர்” என்றார்.

எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை இங்கே எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதியதில் பயனில்லை. பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வேலைக்குப் போகும் ரயிலில் இருந்து மறுபடியும் பார்த்தேன். இருபத்தொன்று. வெளியே வயல்வெளியெல்லாம் பனி மூடிக் கிடந்தது. அப்பா சூடான வீட்டில் போர்த்துக்கொண்டு நித்திரை கொள்கிறார், எடுத்துக் குழப்பக்கூடாது என்று நினைத்தேன். இத்தனை மாதங்களில் அவரைப் பற்றிய பயம் இல்லாமல் நான் இருந்த ஒரே காலைப்பொழுது அதுதான்.

பக்கத்து வீட்டுச் சாந்தி அன்ரி மதியத்துக்கு முன் எடுத்தார். அப்பாவின் வீட்டுத் திறப்பு ஒன்று எப்போதும் அவரிடம் இருக்கும். நல்ல வெயில் எறித்தும் அப்பா தெற்குப் பக்கத் திரையை விலக்கவில்லை என்பதைக் கண்டு, கதவைத் தட்டிப் பார்த்து, பிறகு திறந்துகொண்டு போயிருக்கிறார். அப்பா கட்டிலில், போர்வைக்குள், பக்கவாட்டில் திரும்பிப் படுத்தபடி இருந்தார். விடியலுக்கு முன்பே, நித்திரையிலேயே இதயம் நின்றுவிட்டது என்று பிறகு சொன்னார்கள். எந்த நேரத்தில் யார் வந்திருந்தாலும் செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்றும் சொன்னார்கள். நான் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர்களும் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

சாந்தி அன்ரி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான். “வீடு நல்ல சூடாக் கிடந்தது பிள்ளை. கொப்பர் குளிருக்க போகேல்லை.”

அப்பாவை வெளியே கொண்டுபோக வந்தவர்கள் வாசலில் கிடந்த சேலைப் பாம்பைக் காலால் ஒதுக்கினார்கள். அவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. நான் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் இருந்தேன். கதவு வெகுநேரம் திறந்து கிடந்தது. கீழே பேஸ்மென்றில் ஹீற்றர் நிற்காமல் ஓடும் சத்தம் கேட்டது.

அடுத்து வந்த நாட்களிலும் அப்படித்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வாசலில் நின்று சப்பாத்துக் கழற்ற, பின்னால் வந்தவர்கள் வெளியே காத்து நிற்க, கதவு மூடவே இல்லை. என்னுடைய ஐந்து வயது மகள் கூட்டத்துக்குள் புகுந்து வாசலில் போய் நின்றாள். வருகிற ஒவ்வொருவரிடமும், அப்பாவின் குரலை அப்படியே எடுத்து, “கதவைச் சாத்துங்கோ” என்றாள். முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

தகனச்சாலையில் பொத்தானை அழுத்தும் கடமை ஒரே பிள்ளையாகிய எனக்கு வந்தது. அதைப் பற்றி எழுத என்னால் இயலாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு சாந்தி அன்ரி பாத்திரம் கழுவ நின்றார். சுவர்ப் பெட்டியில் இன்னும் இருபத்தொன்றுதான் காட்டியது. நான் கடைசியாகக் கூட்டியதை அதன் பிறகு ஒருவரும் தொடவில்லை. ஆற்றாமல் அன்ரியிடம் சொன்னேன், கடைசிவரைக்கும் அந்த ஒரு பாகைக்காக அப்பா என்னோடு மல்லுக்கட்டினார் என்று.

அன்ரி தண்ணீரை நிறுத்தினார். “ஆர் சொன்னது மல்லுக்கட்டினவர் எண்டு?” என்றார்.

ஒருநாள் விடிய அவர் புட்டுக் கொண்டுவந்தபோது அப்பா பெட்டிக்கு முன்னால் நின்றிருக்கிறார். மகள் கூட்ட நீங்கள் குறைக்க உந்த ஹீற்றருக்கு விசர்தான் பிடிக்கப்போகுது அண்ணை என்று அன்ரி பகிடி விட்டாராம். அதற்கு அப்பா சொன்னதை அன்ரி அவருடைய குரலிலேயே சொன்னார்.

“குறைச்சாத்தான் நான் எழும்பீட்டன் எண்டு பிள்ளைக்குத் தெரியும். போனைப் பாத்துக்கொண்டு இருப்பாள், பாவம். இரவில அவள் கூட்டேக்க ஹீற்றர் சத்தம் கேக்கும், எனக்கும் தெரியும், பிள்ளை வேலையெல்லாம் முடிச்சுப் படுக்கப் போறாள் எண்டு.”

மகளுக்குக் காய்ச்சல் வந்த அன்று நான் கூட்டவில்லை. அப்பா விடியலிலேயே எடுத்துக் கேட்டார். அப்பா குறைக்காத அன்று நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று தெரியும். தெரிந்தும் மனம் அந்த ரயிலிலேயே இருக்கிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். முதலில் சாந்தி அன்ரிக்கு. திரை விலகாததைக் கண்டதற்கு, திறந்துகொண்டு போனதற்கு, அன்று நான் போய்ச் சேரும்வரை அப்பாவைத் தனியே விடாமல் பக்கத்தில் இருந்ததற்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஒரு பாகை என்ன என்பதை எனக்குச் சொன்னதற்கு. அப்பாவோடு களஞ்சியத்தில் வேலை செய்த அண்ணைமாருக்கு. சவப்பெட்டியை மூடித் தோளில் தாங்கும் முன் அவர்களில் ஒருவர் கையுறையைக் கழற்றி அப்பாவின் விரல்களைத் தொட்டார். கிரியைகளை நிறைவாக நடத்தித் தந்த ஐயாவுக்கு. தேவாரம் பாடியவர்களுக்கு. எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்தவர்களுக்கு, பனி வழித்து நடைபாதையைத் துப்புரவாக வைத்திருந்த அயலவருக்கு, தூர தேசங்களிலிருந்து தொலைபேசியில் அழுதவர்களுக்கு. யாரையாவது விட்டிருந்தால் அது என் தடுமாற்றமே தவிர நன்றிக்குறைவு அல்ல. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி.

எட்டுச் செலவு முடிந்த அன்று நான் விட்பிக்குத் திரும்பவில்லை. கணவரைப் பிள்ளையோடு அனுப்பிவிட்டு, சாந்தி அன்ரியையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, அப்பாவின் சின்ன அறையில் படுத்தேன். விடியும்போது விழிப்பு வந்தது. ஏதோ ஒரு கடமை பாக்கி இருப்பது போலிருந்தது. எழுந்துபோய்ச் சுவரில் இருந்த பெட்டிக்கு முன்னால் நின்றேன். அதைச் சுற்றிச் சுவரின் வெள்ளை நிறம், அவருடைய கை பட்டுப் பட்டு மங்கியிருந்தது. அந்த இடத்தில் என் உள்ளங்கையை வைத்து, ஒரு பாகை குறைத்தேன்.

குசினிக்குப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். அது கொதிக்கும் முன் கைத்தொலைபேசி அதிர்ந்தது. விட்பியிலிருந்து கணவர் எழுதியிருந்தார்.

“எழும்பீட்டீர் போல. பிள்ளை இன்னும் நித்திரை.”